காசை விடுங்கோ, கிணத்தைக் காட்டுங்கோ

பழைய காசு ஒன்றின் படத்தை ஆராவது முகநூலில் போட்டால் கீழே வருகிற முதல் கேள்வி, "இது எந்த ராசாட காசு?" இரண்டாவது, "என்ன விலை?" மூன்றாவதாக வருவது கேள்வியே இல்லை, நேரடியாக "சோழன்டா". "எங்க கிடைச்சது?" என்று கேட்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. போட்டவரும் சொல்லமாட்டார். தப்பித்தவறிக் கேட்டாலும் "நம்பிக்கையான இடத்தில வாங்கினது" என்பதோடு கதை முடிஞ்சுது. அந்த நம்பிக்கையான இடம் ஒரு கடையா, ஆற்றையோ தோட்டக்காணியா, மழை கரைச்ச ஒரு மண்மேடா, ஒருத்தருக்கும் தெரியாது.

கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மூன்று வருசமாக எங்கட வயசுப் பெடியள், பெட்டையளிடம் பழைய காசு சேர்க்கிற ஆசை கூடியிருக்கு. 2022 இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு இன்னும் கூடினது என்பது என்ர கணிப்பு. நல்ல ஆசைதான். கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர வேறொன்றையும் மனப்பாடமாக்காதவன் முதலாம் பராக்கிரமபாகு ஆண்ட வருசத்தைச் சொல்லுகிறான் என்றால் அதில் எனக்கென்ன கோபம்? ஆனால் சேர்க்கிற முறைதான் பிழை. நாங்கள் ராசாக்களைச் சேர்க்கிறோம். ஒரு இராசராசன், ஒரு பராக்கிரமபாகு, ஒரு லீலாவதி, ஒரு சேது. ஆல்பத்தில் ஒவ்வொரு பொக்கற்றிலும் ஒரு ஆள். ஆள் கிடைத்தால் சரி, அவர் எந்த மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வந்தார் என்பது ஆருக்கும் தேவையில்லை. இப்படிச் சேர்க்கச் சேர்க்க யாழ்ப்பாணத்தின் வரலாறு ஒவ்வொரு காசாகக் கழன்று போகுது என்பதுதான் என்னுடைய வாதம். காசு பத்திரமாக இருக்கும். அது சொல்ல வேண்டிய கதைதான் இருக்காது.

சேது காசிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எங்கட காசு. சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கத்தில் நிற்கிற மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே தமிழ் எழுத்தில் 'சேது'. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. அவர்கள் 'சேதுகாவலன்' என்று பட்டம் வைத்துக்கொண்டவர்கள். கேகாலைப் பக்கம் கோட்டகமவில் கிடைத்த அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஒரு அரசின் முத்திரைச் சொல் மாதிரி.

இப்ப கவனிக்க வேண்டிய விசயம். அந்தக் காசில் ராசாவின் பெயர் இல்லை! 'சேது' என்பது ஆளின் பெயர் அல்ல. 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1619 இல் போர்த்துக்கேயர் சங்கிலியைப் பிடிக்கும்வரை எத்தனையோ பேர் நல்லூரில் இருந்து ஆண்டிருக்கிறார்கள். அவர்களும் பரராசசேகரன், செகராசசேகரன் என்ற இரண்டு சிம்மாசனப் பெயர்களை மாறி மாறி வைத்துக்கொண்டவர்கள். வரலாறு படிக்கிற எங்களுக்கே தலை சுற்றும். 1344 இல் இபன் பதூதா வந்து சந்தித்த ஆரியச்சக்கரவர்த்தியின் காலத்தில் அடித்த காசு எது, கடைசிச் சங்கிலி காலத்தில் அடித்த காசு எது என்று காசைப் பார்த்து மட்டும் பிரிக்கிறது லேசில்லை. உருவத்தில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கு. அந்த வித்தியாசங்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி மண். எந்தப் படையில் கிடந்தது, பக்கத்தில் என்ன பானையோடு உடைஞ்சு கிடந்தது, அதுக்கு மேலே என்ன இருந்தது. ஒரு சேது காசோடு அதே படையில் ஒரு சீனப் பீங்கான் துண்டு கிடந்தால், அந்தப் பீங்கானின் காலம் காசுக்கும் ஒரு வயதைச் சொல்லித் தரும். காசை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு பீங்கானைத் தூக்கி எறிந்தால்? முடிஞ்சுது. அதுக்குப் பிறகு அது 'சேது காசு, நல்ல கண்டிசன்'. அவ்வளவுதான்.

சொல்லப்போனால் சேது காசு எங்களுடையது என்று நிறுவப்பட்டதிலேயே இடத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. இந்தக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டார்கள் என்று ஒரு கருத்து முன்பு இருந்தது. பெயரைப் பார்த்தால் அப்படி நினைக்கத்தான் தோன்றும். சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் யாழ்ப்பாண அரசர்களின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். முதலியார் இராசநாயகம் 1926 இல் வந்த பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய தன் ஆங்கில நூலில் இதைப் பேசினார். பின்னாளில் பேராசிரியர் புஷ்பரட்ணம் இந்தக் காசுகளை விரிவாக ஆராய்ந்தார். இந்த வாதத்தின் முக்கியமான தூண்களில் ஒன்று மிக எளிமையானது: இந்தக் காசு இங்கேதான் ஏராளமாகக் கிடைக்குது. நல்லூரில், பூநகரியில், மன்னார்ப் பக்கம். 'கிடைத்த இடம்' என்ற தகவல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வாதமே கால் இல்லாமல் நின்றிருக்கும். இன்றைக்கு ஒரு சேது காசு ரொறன்ரோவில் ஒருத்தருடைய ஆல்பத்திலும், இன்னொன்று சென்னையில் ஒரு வியாபாரியின் தட்டிலும், எங்கே எடுத்தது என்ற விபரம் இல்லாமல் கிடந்தால், நாளைக்கு ஆராவது "இது இராமேசுவரத்துக் காசுதான்" என்று திரும்பவும் தொடங்கினால் அந்த இரண்டு காசும் எங்களுக்காக ஒரு சாட்சியும் சொல்லாது.

இராசராசனுக்கு வருவோம், அவருக்குத்தானே மவுசு.

இராசராசன் பெயர் போட்ட செப்புக் காசு இலங்கை முழுக்க நிறையக் கிடைக்கும். இதை நான் குறைச்சுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசைப் பிடித்துக்கொண்டு முகநூலில் நெஞ்சைத் தட்டுகிறவர்கள் காசை ஒருக்கால் கிட்டப் பார்த்தால் நல்லது. முதலாவது, அதில் எழுதியிருப்பது தமிழ் இல்லை. நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இரண்டாவது, ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் இருக்கிற ஆள் என்ற அந்த வடிவத்தை நாணயவியல்காரர்கள் 'இலங்கை மனிதன்' வகை என்றுதான் சொல்லுகினம். 993 அளவில் அனுராதபுரம் விழுந்த பிறகு, இலங்கையில் ஏற்கெனவே புழங்கிய பொற்காசுகளின் வடிவத்தைச் சோழர் எடுத்தாண்டார்கள் என்பது பரவலான கருத்து. அதாவது நீங்கள் சோழப் பெருமை என்று காட்டுகிற உருவம் இங்கேயிருந்து அங்கே போனது. பிறகு அதே வடிவத்தை முதலாம் பராக்கிரமபாகு எடுத்தார், லீலாவதி எடுத்தா, சேது காசின் நிற்கிற ஆளும் அந்த வழியில் வந்த ஆள்தான். எழுத்தை மறைச்சுப்போட்டு இராசராசன் காசையும் பராக்கிரமபாகு காசையும் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆட்சி மாறினாலும் சந்தையில் கீரை வாங்குகிற ஆளுக்குப் பழகின காசு மாதிரியே புதுக் காசும் இருக்கவேணும் என்ற யோசனை அது. பெருமைக்காக அடித்த காசு இல்லை, புழங்கிறதுக்காக அடித்த காசு.

லீலாவதியைப் பற்றி ஒரு வரி. மூன்று தரம் பொலன்னறுவையில் அரியணை ஏறி மூன்று தரம் இறக்கப்பட்ட பெண். 1197 க்கும் 1212 க்கும் இடையில். தன் பெயரில் காசு வெளியிட்டா. ஆனால் காசில் இருக்கிற உருவம் அதே பழைய ஆம்பிளைதான். இதைப் பற்றி ஆராவது தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கோ.

காசு புழங்கின சந்தை எது, ஊர் எது என்று தெரிந்தால்தான் இதெல்லாம் வரலாறு ஆகும். இல்லையென்றால் ஸ்டிக்கர் சேர்க்கிறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இடம் தெரிந்த காசு என்ன செய்யும் என்பதற்குக் கந்தரோடை இருக்கு. சுன்னாகத்துக்குப் பக்கத்தில். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ் 1917 – 1919 காலப்பகுதியில் அங்கே ஆராய்ந்து எழுதினார். முத்திரை குத்திய இந்திய வெள்ளிக் காசுகள், லட்சுமி பதித்த செப்புத் தகடுகள், உரோமக் காசுகள், கண்ணுக்கு மை தீட்டுகிற செப்புக் குச்சிகள் எல்லாம் அந்த ஒரே ஊரிலிருந்து வந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உரோமக் காசு உலகம் முழுக்கக் கிடைக்குது, இணையத்தில் ஒரு கொத்துரொட்டி விலைக்கே தேய்ஞ்சது ஒன்று வாங்கலாம். ஆனால் இவை எல்லாம் ஒரே மண்ணில் கிடந்தன என்ற செய்திதான் கந்தரோடையைத் தூக்கி நிறுத்தியது. கடலுக்கு அங்கால உலகத்தோடு வியாபாரம் செய்த ஒரு பழைய நகரம் இந்தச் செம்மண்ணுக்குக் கீழே இருக்கு என்று அப்போதுதான் வெளியுலகம் விளங்கிக்கொண்டது. 1970 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு வந்து அகழ்ந்ததும் அதன் தொடர்ச்சிதான்.

ஆனைக்கோட்டை முத்திரையும் அப்படித்தான். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் எடுத்தது. காசு இல்லை, முத்திரை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். விரல் நுனியளவான அந்தத் துண்டு, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டோடு கிடந்தது என்பதால்தான் எங்கட பாடப்புத்தகம்வரை வந்தது. அதையே ஒருத்தர் கிணறு வெட்டேக்க எடுத்து, புளி போட்டு மினுக்கி, பத்தாயிரம் ரூபாவுக்கு வித்திருந்தால்? "பழைய எழுத்துள்ள ஏதோ சாமான்". போலி என்று சொல்லுகிறவருக்கு மறுமொழி சொல்லக்கூட எங்களிடம் ஒன்றும் இருந்திராது.

புளி என்றதும் ஞாபகம் வருது. தயவுசெய்து பழைய செப்புக் காசைப் புளி, சாம்பல், தேசிக்காய் போட்டு மினுக்காதேங்கோ. அது குத்துவிளக்கு இல்லை. அந்தப் பச்சை, கறுப்புப் படலம்தான் காசைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது. எழுத்து அந்தப் படலத்தோடு சேர்ந்து நிற்கிறதும் உண்டு. தேய்த்தால் எழுத்தும் போகும். ஒட்டியிருக்கிற மண்ணும் ஒரு சாட்சிதான், அதுவும் போகும். மினுக்கின காசு விற்பனைப் படத்தில் வடிவாக இருக்கும் என்பதாலேயே எங்கட ஊரில் எத்தனை காசின் எழுத்துப் போயிருக்கும் என்று யோசித்தால் வயிறெரியுது.

சரி, இனி எதிர்ப்பக்கம். இதை நான் ஒளிக்கக்கூடாது, ஏனென்றால் அது பலமான பக்கம்.

சேர்ப்பவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ காசு உலையில் உருகியிருக்கும். தமிழ்நாட்டில் சங்ககால அரசர்கள் காசு வெளியிடவில்லை என்று ஒரு காலத்தில் பல அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். அதை உடைத்தது அரச திணைக்களம் இல்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி என்ற சேகரிப்பாளர். 1980 களின் நடுப்பகுதியில் அவர் கைக்கு வந்த ஒரு காசில் தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று இருந்ததை அவர் வாசித்து வெளியிட்டார். பாண்டியன் பெயர். பிறகு கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்களோடு சேரர் காசுகள் வந்தன. இலங்கையிலும் அதே கதை இருக்கு. தெற்கே திசமகாராமைக்குப் பக்கத்தில் அக்குறுகொடவில் கிடைத்த பழங்காசுகளை ஒஸ்மண்ட் போபேராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999 இல் நூலாக வெளியிட்டார்கள். இரண்டாமவர் சேகரிப்பாளர். அந்தக் காசுகளில் சிலவற்றில் உதிரன், மகாசாத்தன் மாதிரித் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன என்பதைப் புஷ்பரட்ணம் எடுத்துக் காட்டினார். அம்பாந்தோட்டைப் பக்கம் ஈராயிரம் வருசத்துக்கு முன் தமிழ்ப் பெயரோடு காசு! இந்த ஆதாரம் சேகரிப்பாளரின் பெட்டிக்குள்ளால் வந்ததுதான்.

ஆகவே "காசு சேர்க்கிறவன் எல்லாம் கள்ளன்" என்று சொல்லுகிற கட்சியில் நான் இல்லை. ஆனால் கிருஷ்ணமூர்த்தியும் விக்கிரமசிங்கவும் செய்த ஒன்றை முகநூல் சேகரிப்பாளர் செய்வதில்லை. அவர்கள் வெளியிட்டார்கள். எடை, அளவு, படம், வாசிப்பு, எங்கே வாங்கினது, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று தெரிந்தவரை எழுதிவைத்தார்கள். அப்படிச் செய்தும், மண்ணிலிருந்து ஒழுங்காக எடுக்கப்படாத காசு என்பதால், சந்தேகப்படுகிறவருக்கு எப்போதும் ஒரு கதவு திறந்தே இருக்கும். "கடையில வாங்கினதுதானே" என்று ஒரு வசனத்தில் தள்ளிவிடலாம். இலங்கைத் தமிழரின் வரலாறு என்றால் தள்ளிவிடக் காத்திருக்கிறவர்கள் குறைவில்லை என்பதை இந்த இடத்தில் வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்களுக்குத்தான் மற்ற எல்லாரையும் விட 'எங்கே கிடைத்தது' என்பது அவசியம். நாங்களோ அதைத்தான் முதலில் தொலைக்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுது? 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1815 மார்ச் 2 க்கு, அதாவது கண்டி ஒப்பந்தத்துக்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். நிலத்துக்குள்ளே கண்டெடுக்கப்படாமல் கிடப்பது அரசுக்குச் சொந்தம், காணி உங்களுடையதாக இருந்தாலும். கண்டெடுத்தால் அறிவிக்கவேணும். அனுமதி இல்லாமல் தோண்டவும் ஏலாது, நாட்டுக்கு வெளியே அனுப்பவும் ஏலாது. பரம்பரையாக வீட்டு அலுமாரியில் இருக்கிற காசு வேறு, மெட்டல் டிடெக்டரோடு இரவில் போய் எடுக்கிற காசு வேறு. இரண்டாவது குற்றம். 'புதையல் தோண்டியவர்கள் கைது' என்ற செய்தி எங்கட பத்திரிகைகளில் இராசிபலன் மாதிரி வந்துகொண்டே இருக்கு.

காகிதத்தில் சட்டம் சரியாகத்தான் இருக்கு. ஆனால் கோப்பாயிலோ புத்தூரிலோ வெங்காயத்துக்கு மண் கொத்துகிற ஒரு ஐயா ஒரு சேது காசை எடுத்தால் அறிவிப்பாரா? மாட்டார். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அறிவித்தால் காணியில் பெயர்ப்பலகை நடுவார்கள், பிறகு தோட்டம் செய்ய விடமாட்டார்கள், அதுக்குப் பிறகு ஆர் ஆரோ வருவார்கள் என்ற பயம். இந்தப் பயம் காற்றிலிருந்து வந்ததில்லை. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழுகிற அந்த மாகாணத்துக்கான செயலணியில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. முல்லைத்தீவில் குருந்தூர்மலையில் என்ன நடந்தது என்பதும் தெரியும். தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போகப்போகுது என்று ஒரு சனம் நினைக்குது என்றால், அந்தச் சனத்தில் மட்டும் பிழை சொல்ல ஏலாது.

விளைவு என்ன? ஐயா அந்தக் காசைப் பொக்கற்றுக்குள் போடுவார். பேரப்பிள்ளை படம் எடுத்து முகநூலில் போடும். இன்பொக்ஸில் ஒருத்தர் வருவார், இரண்டாயிரம் மூவாயிரம் கொடுப்பார், காசு போய்விடும். அல்லது பழைய இரும்பு பித்தளை வாங்குகிறவரின் தராசில் அலுமினியச் சட்டியோடு சேர்ந்து போகும். திணைக்களத்துக்குப் பயந்து நாங்களே எங்கட சாட்சியை விற்றுத் தொலைக்கிறோம். அரசு எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், ஆரும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விடுவது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் இதுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1997 இல் தொடங்கிய ஒரு திட்டம். வயலில் காசு கண்டெடுக்கிறவர் அந்தந்தப் பகுதியில் இருக்கிற ஒரு அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் படம் எடுத்து, நிறுத்து, இடத்தைக் குறித்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவார். பெரும்பாலான பொருட்கள் திரும்பக் கண்டெடுத்தவரிடமே போகும். இப்படி 10 இலட்சத்துக்கும் மேலான பொருட்கள் பதிவாகிவிட்டன. அங்கத்தைய சட்டம் வேறு, இங்கத்தைய சட்டம் வேறு, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைக்க ஏலாது. ஆனால் அதிலிருக்கிற ஒரு யோசனையை எடுக்கலாம்: பொருளைப் பறிக்கிறதுக்கு முதல் தகவலைக் கேள்.

எங்களிடம் அதுக்குத் தோதாக இன்னொன்று இருக்கு. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பேர் இருக்கு. உறுதியை எடுத்துப் பார்த்தால் வடக்கெல்லை தெற்கெல்லையோடு காணிப்பேரும் இருக்கும். நல்லூரில் சங்கிலித்தோப்பு, பண்டாரவளவு என்று பேர் இருக்கிற இடங்கள் அந்தப் பேராலேயே ஒரு அரண்மனையின் வரைபடத்தைக் காட்டுகின்றன. ஒரு காசு கிடைத்த இடத்தை ஊர்ப்பேரோடு மட்டும் நிறுத்தாமல் உறுதியில் இருக்கிற காணிப்பேரோடு எழுதினால் எப்படி இருக்கும்? நூறு சேது காசுக்கு இப்படி எழுதிவைத்தால் போதும் என்று நினைக்கிறேன், கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். இது நல்லூரைச் சுற்றி மட்டும் புழங்கின காசா, தீவுப்பகுதிக் கிராமங்களிலும் புழங்கினதா? மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவனின் கையில் இருந்ததா? 1619 க்குப் பிறகும் சனம் இதை வைத்துச் சந்தையில் சாமான் வாங்கினதா, அல்லது ஒரே வருசத்தில் செல்லாக் காசு ஆனதா? பரராசசேகரனின் ஆட்சியைப் பற்றி வைபவமாலையில் இருப்பதை இன்னும் எத்தனை தரம் திருப்பித் திருப்பி எழுதுவது? சாதாரண சனம் எந்த ஊரில் என்ன காசைக் கையில் வைத்திருந்தது என்பது அதிலெல்லாம் இல்லை.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. காசு சேர்க்கிற நீங்கள், வாங்குகிறதுக்கு முதல் இடத்தைக் கேளுங்கோ. ஊர், காணிப்பேர், கிணறா தோட்டமா வீட்டு அத்திவாரமா, எத்தனை அடி ஆழம், செம்மண்ணா மணலா, பக்கத்தில் ஓடு, மணி, எலும்பு ஏதாவது கிடந்ததா. இதுக்கு மறுமொழி இல்லையென்றால் வாங்காதேங்கோ. வாங்க ஆள் இல்லையென்றால் இரவில் டிடெக்டரோடு திரிகிறவனும் படுத்து நித்திரை கொள்ளுவான். இன்னொரு நன்மையும் இருக்கு: வார்த்தெடுத்த போலிகள் சந்தையில் வருது, விளிம்பில் கோடும் மேலே ஊசித்துளையும் தெரியும். போலி விற்கிறவன் விலையை உடனே சொல்லுவான், கிணற்றின் ஆழத்தைச் சொல்லத்தான் தடுமாறுவான்.

வீட்டில் தற்செயலாக எடுத்தவர்கள், அதைக் கழுவாமல், இரண்டு பக்கமும் அடிமட்டத்தோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்த ஒரு ஆளோடு பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்குப் போய்க் காட்டலாம். அங்கே சட்டப்படி எப்படி அறிவிக்கவேணும் என்று சொல்லித் தருவார்கள், தனியே ஒரு அலுவலகத்துப் படியில் ஏறுகிற பயமும் இருக்காது. ஒப்படைக்கிறதென்றால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. கண்டெடுத்தவரின் பேரும் காணிப்பேரும் அதில் இருக்கவேணும்.

ஒரு சிக்கல் இருக்கு. இடத்தைத் துல்லியமாகப் பொதுவெளியில் போட்டால் அடுத்த நாள் இரவே அங்கே குழி விழும். ஆகவே வெளியே ஊர்ப்பேர் மட்டும் போகட்டும், காணிப்பேரும் ஆழமும் பதிவுப் புத்தகத்துக்குள் இருக்கட்டும். அந்தப் புத்தகத்தை ஆர் வைத்திருப்பது என்பதில் நண்பர்களோடு நிறையச் சண்டை பிடித்தாயிற்று. ஒருத்தர் பல்கலைக்கழகம் என்கிறார், ஒருத்தர் கோயில் என்கிறார் (எந்தக் கோயில் என்று கேட்டால் அதுக்கு வேற சண்டை), இன்னொருத்தர் ஈழத்து நூல்களை மின்வடிவாக்குகிற நூலகம் நிறுவனத்திடம் கொடுக்கலாம் என்கிறார். என்ர நிலைப்பாடு, ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம். ஒரே பிரதியை ஒரே கட்டடத்துக்குள் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று 1981 யூனில் இந்த ஊர் பார்த்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஒன்று, நாட்டுக்கு வெளியே ஒரு மின்பிரதி, ஊர் வாசிகசாலையில் அந்தந்த ஊருக்குரிய பக்கங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் மண் கரைந்து காசு மேலே வரும். அதுக்குள் முதல் புத்தகத்தை வாங்கிக் கோடு போட்டு வைக்க ஆர் தயார்?